டிராக்டருக்கு லைட் இருக்கு, டிரெய்லருக்கு? டெல்டா சாலைகளில் ஒரு 7 பின் சாக்கெட் ஏன் உயிர்ப் பிரச்சினை?

தை பிறந்து சம்பா அறுவடை சூடுபிடித்துவிட்டால், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை சாலைகளில் இரவு பகல் பார்க்காமல் டிராக்டர்கள் ஓடும். ஒன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிப் போகும். இன்னொன்று வைக்கோல் கட்டுகளை அடுக்கிக்கொண்டு போகும். சென்னை, பெங்களூரு, கோவையில் வேலை பார்ப்பவர்கள் பொங்கலுக்கு காரிலும் பைக்கிலும் ஊர் திரும்புவதும் இதே நாட்களில்தான்.

இந்த இரண்டு கூட்டமும் சந்திக்கும் இடம், தெருவிளக்கு இல்லாத ஆற்றங்கரைச் சாலை. முன்னால் போகும் டிராக்டரில் ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. ஆனால் பின்னால் வருபவர் பார்ப்பது டிராக்டரை அல்ல, டிரெய்லரை. அதன் பின்பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்லையென்றால், அவரைப் பொறுத்தவரை அங்கே வண்டியே இல்லை.

டிராக்டர் கம்பெனிக்காரர் விளக்கு வைத்துத்தான் விற்கிறார். பிறகு டிரெய்லர் மட்டும் ஏன் இருட்டில் போகிறது? பிரேக் பிடித்தால் அது ஏன் டிராக்டரைத் தள்ளுகிறது? காருக்குப் பின்னால் கேரவன் இழுப்பவர்களுக்கும் இதே சிக்கல் வருமா? பார்க்கலாம்.

சுருக்கமாக

• டிராக்டரும் டிரெய்லரும் சட்டப்படி இரண்டு தனி வண்டிகள். இரண்டையும் இணைக்கும் இடத்தைச் சரிபார்ப்பது ஓட்டுபவரின் பொறுப்பு.

• பெரும்பாலான விளக்குக் கோளாறுகள் எர்த், வோல்டேஜ், ஒயர் நிறக் குழப்பம் ஆகிய மூன்றில் அடங்கிவிடும்.

• டிராக்டரில் வண்டியை நேராக வைத்திருக்கும் எலெக்ட்ரானிக் கருவி எதுவும் கிடையாது. அந்த வேலையை பிரேக் பெடல் கொக்கியும் பாரம் ஏற்றும் முறையும்தான் செய்ய வேண்டும்.

டிரெய்லர் தனி வண்டியா?

ஆமாம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல்லுக்குள் டிரெய்லரும் வருகிறது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இழுத்துச் செல்லும் வண்டியின் பதிவு எண்ணும் டிரெய்லரின் பின்பக்கம் தெரிய வேண்டும் என்கிறது சட்டத்தின் 61-வது பிரிவு. விளக்கு, ரிஃப்ளெக்டர் பற்றிய விதிகள் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளன.

நடைமுறையில் என்ன நடக்கிறது? டிராக்டர் ஒரு பெரிய கம்பெனியின் தொழிற்சாலையில் தயாராகி, ஷோரூம் வழியாக வருகிறது. டிரெய்லர் பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பட்டறையில் வெல்டிங் செய்யப்படுகிறது. பட்டறைக்காரரின் கவனம் சேஸ், அச்சு, பலகை, டிப்பர் ஜாக்கி ஆகியவற்றில்தான் இருக்கும். ஒயரிங் என்பது கடைசி நாளில் யாரோ ஒருவர் இழுத்துவிட்டுப் போகும் வேலை. டிராக்டரின் பின்னால் சாக்கெட் இருக்கும், டிரெய்லரில் பிளக் இருக்காது. அல்லது இரண்டும் இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று பேசாது.

ஒரே டிரெய்லரை மூன்று டிராக்டர்கள் மாறி மாறி இழுப்பதும் டெல்டாவில் சகஜம். சீசனில் வாடகைக்கு எடுக்கும்போது கொக்கி பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பிளக் பொருந்துகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. “இங்க இருக்கிற டிபிசிக்குத்தானே போறோம்” என்ற ஒரு வரியில் அந்த விஷயம் முடிந்துவிடும்.

லைட் இல்லாத டிரெய்லர் எவ்வளவு தூரத்தில் தெரியும்?

ஒரு எளிய கணக்கு. நீங்கள் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். முன்னால் ஏதோ நிற்கிறது என்று மூளைக்குத் தெரிந்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். நல்ல பிரேக், காய்ந்த சாலை என்றால் நிற்க இன்னும் சுமார் 23 மீட்டர். மொத்தம் 48 மீட்டர். வேகம் 80 என்றால் இதே கணக்கு சுமார் 74 மீட்டருக்குப் போய்விடும்.

லோ பீம் வெளிச்சத்தில் அழுக்கேறிய, மங்கிய ஒரு பலகை தெளிவாகத் தெரிவதே சுமார் 40, 50 மீட்டருக்குள்தான். பைக் ஹெட்லைட் என்றால் அதைவிடக் குறைவு. எதிரே ஒரு பஸ் ஹை பீமில் வந்தால் அந்தக் கொஞ்சமும் போய்விடும். அதாவது 60-ல் போனாலே விளிம்பு. 80-ல் போனால், டிரெய்லர் கண்ணில் படும்போது நிற்பதற்கான தூரம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருக்கும்.

டிரெய்லர் ஓடிக்கொண்டிருந்தாலும் பெரிய ஆறுதல் இல்லை. பாரத்தோடு போகும் டிராக்டர் மணிக்கு 20 கி.மீ. என்றால், 60-ல் வரும் பைக் அதை நொடிக்கு 11 மீட்டர் வீதம் நெருங்கும். 50 மீட்டர் இடைவெளி நாலரை நொடியில் காலி.

அந்த 7 பின் சாக்கெட்டில் என்ன இருக்கிறது?

டிராக்டரின் பின்பக்கம், மூடியோடு வட்டமாக இருக்கும் சாக்கெட்தான் டிரெய்லரின் நரம்பு. ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் புழங்கும் 12 வோல்ட் சாக்கெட்டுக்கான ஐஎஸ்ஓ 1724 தரத்தில் ஏழு முனைகளின் வேலை இதுதான்:

• 1: இடது இண்டிகேட்டர் (மஞ்சள் ஒயர்)
• 2: பின்பக்கப் பனிமூட்ட விளக்கு (நீலம்)
• 3: எர்த் (வெள்ளை)
• 4: வலது இண்டிகேட்டர் (பச்சை)
• 5: வலது டெயில் லைட் (பழுப்பு)
• 6: பிரேக் லைட் (சிவப்பு)
• 7: இடது டெயில் லைட் (கறுப்பு)

இங்கேதான் ஒரு சிக்கல். இந்த நிறங்கள் உலகம் முழுக்க ஒன்று அல்ல. அமெரிக்கா, கனடாவில் கேரவன்களுக்குப் பரவலாக உள்ள 7 முனை இணைப்பில் மஞ்சள், பச்சை, வெள்ளை, பழுப்பு ஆகியவை ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் நீலம் அங்கே டிரெய்லரின் எலெக்ட்ரிக் பிரேக்குக்கானது. கறுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வரும் 12 வோல்ட். நிறத்தை மட்டும் பார்த்து இரண்டையும் முறுக்கினால், பிரேக்குக்குப் போக வேண்டிய ஒயர் பனிமூட்ட விளக்கோடு கைகோர்க்கும்.

எனவே எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பொருந்தும் பாடம் ஒன்று உண்டு. நிறத்தை நம்பாதீர்கள். டிராக்டரில் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, எந்த முனையில் கரண்ட் வருகிறது என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். பிறகு அதற்கேற்ப டிரெய்லர் பிளக்கைக் கட்டுங்கள்.

ஒயரிங் எங்கே சொதப்புகிறது?

எர்த்: பல டிரெய்லர்களில் தனி எர்த் ஒயரே கிடையாது. கொக்கியும் இரும்புச் சட்டமும் வழியாகவே கரண்ட் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை. புது வண்டியில் அது வேலை செய்யும். துரு, சேறு, கிரீஸ் சேர்ந்ததும் கொக்கியில் தொடர்பு விட்டு விட்டு வரும். அப்போது கரண்ட் வேறு பல்பு வழியாகத் திரும்ப வழி தேடும். இடது இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறதா? பிரேக் பிடித்தால் எல்லா விளக்கும் மங்குகிறதா? பல்பை மாற்றிப் பயனில்லை. சாக்கெட்டின் எர்த் முனையிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஒயர் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வோல்டேஜ்: டிராக்டருக்கு 12 வோல்ட். லாரிக்கு 24 வோல்ட். பழைய லாரியிலிருந்து கழற்றிய விளக்கையோ, லாரி பல்பையோ டிரெய்லரில் மாட்டினால் அது எரியும், ஆனால் அழுது வடியும். பாதி வோல்டேஜில் பல்பு எடுக்கும் சக்தி பாதிக்கும் கீழே இறங்கும். வெளிச்சம் அதைவிட மோசமாகக் குறையும். பக்கத்தில் நின்று பார்த்தால் ‘எரியுது’ என்று தோன்றும். 100 மீட்டர் தள்ளிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

சேறு, தண்ணீர்: கேஜ் வீல் கழற்றி நேராக வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறும் டிராக்டரில் சாக்கெட் மூடி உடைந்திருந்தால் உள்ளே சேறு புகும். முனைகளில் பச்சை பூத்துவிடும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் பிளக்கை அழுத்தி என்ன பயன்?

பாரம்: இதற்கும் ஒயருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் விளைவு ஒன்றுதான். வைக்கோல் கட்டுகளை டிரெய்லரின் பின்பக்கம் நீட்டி அடுக்கும்போது, நன்றாக எரியும் டெயில் லைட்டும் ரிஃப்ளெக்டரும் வைக்கோலுக்குள் ஒளிந்துகொள்ளும். வைக்கோல் தொங்கும் அகலம் எவ்வளவு என்று பின்னால் வருபவருக்கும் எதிரே வருபவருக்கும் தெரியாது.

பிரேக் பிடித்தால் ஏன் டிரெய்லர் தள்ளுகிறது?

இன்னொரு கணக்கு. 40 கிலோ மூட்டை 100 ஏற்றினால் நெல் மட்டும் 4 டன். காலி டிரெய்லர் ஒன்றரை டன் என்று வைத்துக்கொள்வோம். டிராக்டர் சுமார் 2 டன். டிரெய்லரில் பிரேக் இல்லை என்றால், மொத்தம் ஏழரை டன்னையும் அந்த 2 டன் வண்டிதான் நிறுத்த வேண்டும். அதிலும் சாதாரண டூ வீல் டிரைவ் டிராக்டரில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான்.

சமதளத்தில், மெதுவாக, நேராகப் போகும்வரை பிரச்சினை தெரியாது. டெல்டா தட்டையான பூமிதான். ஆனால் வாய்க்காலுக்கு ஒரு மதகு, ஆற்றுக்கு ஒரு பாலம் என்று ஏறி இறங்கிக்கொண்டேதான் சாலை போகும். பாலத்து இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால், இன்ஜின் கொடுக்கும் பிடிமானமும் போய்விடும். இறக்கத்தின் முடிவில் வளைவு இருந்து, அங்கே பிரேக்கை அழுத்தினால், டிராக்டர் நிற்கப் பார்க்கும். ஐந்தரை டன் டிரெய்லர் நிற்காது. அது டிராக்டரின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளி, இரண்டையும் மடித்துவிடும். கரையோரச் சாலையில் அப்படி மடிந்தால் அடுத்த இடம் வாய்க்கால்.

இதோடு இன்னொரு ஆபத்தும் உண்டு. டிராக்டரில் இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் பெடல்கள். வயலில் சட்டென்று திரும்ப ஒரு பக்கத்தை மட்டும் அழுத்துவார்கள். ரோட்டுக்கு வந்ததும் இரண்டு பெடலையும் கொக்கி போட்டு ஒன்றாக இணைக்க வேண்டும். அந்தக் கொக்கியை மறந்துவிட்டு, வேகத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்கும். டிராக்டர் அந்தப் பக்கமாகச் சுழலும். பின்னால் பாரம் வேறு தள்ளும். கார்களில் கம்ப்யூட்டர் செய்யும் வேலையை டிராக்டரில் இந்தச் சின்னக் கொக்கிதான் செய்கிறது.

பாரம் ஏற்றும் முறையும் முக்கியம். இரண்டு சக்கர டிப்பரில் அச்சுக்குப் பின்னால் அதிகம் ஏற்றினால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பின்சக்கரப் பிடிமானம் குறையும். அளவுக்கு மீறி முன்னால் ஏற்றினால் டிராக்டரின் முன்பக்கம் லேசாகும், ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி கேட்காது. அச்சின் மேல் சமமாக, கொஞ்சம் முன்பக்கம் சாய்வாக அடுக்குவதே பாதுகாப்பு.

காரில் இஎஸ்சி இருந்தால் கேரவன் இழுக்கும்போது காப்பாற்றுமா?

டிராக்டரில் இல்லாத அந்தக் கம்ப்யூட்டர், இன்று பல கார்களில் இருக்கிறது. அதன் பெயர் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், சுருக்கமாக இஎஸ்சி. சக்கரங்களின் வேகத்தையும் வண்டி சுழலும் அளவையும் கவனித்து, தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும். 2023-ல் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் 3 நட்சத்திரமும் அதற்கு மேலும் வாங்க இது அவசியம்.

பின்னால் டிரெய்லர் இழுப்பதற்கென்றே இதில் கூடுதல் வசதி கொண்ட கார்கள் உண்டு. கேரவன் பாம்பு போல நெளியத் தொடங்கினால், கார் அதை உணர்ந்து இடது, வலது சக்கரங்களில் மாறி மாறி பிரேக் பிடிக்கும், இன்ஜின் வேகத்தையும் குறைக்கும்.

ஆனால் பின்னால் டிரெய்லர் இருக்கிறது என்று காருக்கு எப்படித் தெரியும்? பல கார்களில் அந்தச் செய்தி போவதே சாக்கெட் வழியாகத்தான். கம்பெனி ஒயரிங் கிட் போடாமல், டெயில் லைட் ஒயரிலிருந்து ஒரு ஜாயிண்ட் எடுத்துவிட்டால் விளக்கு எரியும். ஆனால் காரின் கம்ப்யூட்டருக்கு டிரெய்லர் இருப்பதே தெரியாது. அதற்கான பாதுகாப்பும் விழித்துக்கொள்ளாது.

எல்இடி விளக்கிலும் ஒரு தொல்லை. 21 வாட் பல்பு எடுக்கும் கரண்டை எதிர்பார்க்கும் கார், அதில் சிறு பங்கு மட்டுமே எடுக்கும் எல்இடியைப் பார்த்து ‘பல்பு போச்சு’ என்று எச்சரிக்கும். சில நேரம் விளக்கு தானாக மினுக்கும்.

ஐரோப்பிய கேரவன்கள் சிலவற்றில் டிரெய்லருக்கென்றே தனி ஸ்டெபிலிட்டி கருவி இருக்கும். அது வேலை செய்ய நிரந்தர 12 வோல்ட் வேண்டும். 13 முனை சாக்கெட்டில் அது 9-வது முனையில் வரும். மேலே பார்த்த 7 முனை சாக்கெட்டில் அதற்கு இடமே இல்லை. அடாப்டர் மாட்டினால் பிளக் பொருந்திவிடும், விளக்கும் எரியும். கருவி மட்டும் தூங்கும். லண்டனிலோ டொரன்டோவிலோ வார இறுதிக்கு கேரவன் வாடகைக்கு எடுக்கும் நம்மூர்க்காரர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘பிளக் பொருந்துமா’ என்பது அல்ல. ‘எல்லா முனையும் வேலை செய்யுமா’ என்பதுதான்.

பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். ஐந்தரை டன் நெல் டிரெய்லரை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

டிராக்டர் லைசென்ஸ் வைத்திருப்பவர், டிரெய்லரை மாட்டியதாலேயே லைசென்ஸ் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் தெளிவுபடுத்தியது. அது நல்ல செய்தி.

ஆனால் டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது வேறு கதை. நடவுக்கும் அறுவடைக்கும் தொழிலாளர்களை டிரெய்லரில் ஏற்றிப் போவது டெல்டாவில் பழகிப்போன காட்சி. டிராக்டர் டிரெய்லரில் பயணம் செய்த ஒரு தொழிலாளி காயமடைந்த வழக்கில், அவருக்கு அந்த பாலிசியின் பாதுகாப்பு இல்லை என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஏழைத் தொழிலாளி என்பதால், தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. அதாவது கடைசியில் சுமை விவசாயி தலையில். உங்கள் வீட்டு டிரெய்லருக்குத் தனிப் பதிவும் பாலிசியும் இருக்கிறதா, அதில் என்ன பயன்பாடு எழுதியிருக்கிறது என்று சீசனுக்கு முன்பே எடுத்துப் பாருங்கள்.

கிளம்பும் முன் 10 நிமிடம்

ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ இந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

1. சாக்கெட், பிளக் இரண்டையும் திறந்து சேறு, பச்சைப் பூப்பு இருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

2. ஒருவர் டிராக்டரில் உட்காரட்டும், இன்னொருவர் பின்னால் நிற்கட்டும். டெயில் லைட், பிரேக், இடது, வலது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பிறகு இரண்டைச் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். எர்த் கோளாறு அப்போதுதான் வெளியே வரும்.

3. 100 மீட்டர் தள்ளி நின்று ஒருமுறை பாருங்கள். மங்கலாக இருந்தால் பல்பில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள்.

4. ஒளி எதிரொளிக்கும் டேப் ஒட்டுங்கள். பின்னால் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள், முன்னால் வெள்ளை. இதற்கு ஒயர் வேண்டாம், பேட்டரி வேண்டாம். வண்டி ரோட்டோரம் ஆஃப் ஆகி நிற்கும்போதும் வேலை செய்வது இது ஒன்றுதான். சேறு படிந்தால் துடைத்துவிட்டால் போதும்.

5. வைக்கோல் ஏற்றினால், பாரத்தின் கடைசி விளிம்பில் தெரியும்படி ஒரு பலகையில் விளக்கும் ரிஃப்ளெக்டரும் மாட்டி, நீள ஒயரில் பிளக்கோடு இணையுங்கள்.

6. பிரேக் பெடல் கொக்கி போட்டாயிற்றா? ரோட்டில் ஏறும் முன் கையால் தொட்டுப் பாருங்கள்.

7. வழியில் வண்டி நின்றுவிட்டால் மரக்கிளையும் கல்லும் வேண்டாம். அவையும் இருட்டில் தெரியாது. எச்சரிக்கை முக்கோணத்தைக் கணிசமான தூரம் பின்னால் வையுங்கள். வண்டியை எடுக்கும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் வருபவர்கள் என்ன செய்யலாம்?

அறுவடைக் காலத்தில் டெல்டாவின் உள்சாலைகளில் இரவில் வேகத்தை 50-க்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது. அந்த வேகத்தில், மேலே போட்ட கணக்குப்படி, நிற்க சுமார் 37 மீட்டர் போதும். லோ பீம் காட்டும் தூரத்துக்குள் அது அடங்கிவிடும். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசினால், அந்த நொடியில் உங்கள் முன்னால் ஒரு டிரெய்லர் நிற்கிறது என்றே நினைத்து காலை எடுங்கள். முன்னால் சாலையில் வெளிச்சம் விழுகிறது, ஆனால் சிவப்பு விளக்கு தெரியவில்லை என்றால், அது தூரத்தில் போகும் வண்டி என்று முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் போகும் டிராக்டராகவும் இருக்கலாம்.

கொள்முதல் நிலைய வாசல்களில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களுக்கு டேப் ஒட்டுவதை ஊராட்சியோ, விவசாயிகள் சங்கமோ, ஊர் இளைஞர்களோ ஒரே நாளில் செய்து முடிக்க முடியும். வண்டிகள் ஏற்கெனவே அங்கேதான் நிற்கின்றன. ஒரு டிரெய்லருக்கு ஆகும் டேப் செலவு, ஒரு மூட்டை நெல் விற்ற காசுக்குள் முடிந்துவிடும்.